இந்திரகுமாரின் உடுப்புகள்

இந்திரகுமார் வீட்டை விட்டுப் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தார். சுகமோ என்று கேட்கவில்லை.

"வீட்டுக்கு முன்னால நிக்கிற வான் ஸ்ராட் வருதோ?"

பாலேஸ்வரி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "வருது. ஏன்?"

"நானும் சஜிதாவும் அந்த றிப் போவம் எண்டு யோசிக்கிறம். உனக்கு அது சும்மாதானே நிக்குது. ஆரிட்டையாவது குடுத்து சிட்னிக்கு அனுப்பி விடு. என்ர உடுப்புகளும் அலுமாரியில கிடக்கு. அதையும் உள்ளுக்குப் போட்டு விடு."

'அந்த றிப்' என்றால் என்னவென்று பாலேஸ்வரிக்கு விளக்கத் தேவையில்லை. கலியாணம் முடித்து மெல்பேர்னுக்கு வந்த காலத்திலிருந்து கேட்ட பயணக் கதை அது. மகள் சிறுமியாக இருந்தபோது சிட்னிக்குக் காரில் போன ஒவ்வொரு முறையும், வழியில் எதைப் பார்க்க நிற்போமா என்று கேட்டாலும் இந்திரகுமார் மிதியிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுவார். "பென்சன் எடுத்த பிறகு படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வான் ஒண்டு வாங்குவம். ஒவ்வொரு ஊரிலயும் ஆறுதலா நிண்டு பாப்பம்." ஹோல்புறூக்கில் நீர்மூழ்கிக் கப்பல், கண்டகாயில் நாய்ச் சிலை, கோல்பேர்னில் மாடி உயரச் செம்மறி. ஊர்களின் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். கடைசியில் பென்சனும் எடுத்தார், வானும் வாங்கினார். வான் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், பழைய மாணவர் சங்கத்தில் பழக்கமான சஜிதாவோடு இருக்கப்போகிறேன் என்று ஒரு சூட்கேசோடு விமானம் ஏறிவிட்டார்.

"ஒருத்தரிட்டையும் குடுக்கத் தேவையில்லை," என்றாள் பாலேஸ்வரி. "நானே கொண்டு வாறன்."

"நீ ஓட்டுவியோ? அது பெரிய வான்."

"மெல்ல மெல்ல வாறன்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலமெல்லாம், முதியவர்களைச் சக்கரக் கதிரையோடு ஏற்றி இறக்கும் வசதியுள்ள பஸ்ஸை ஓட்டியவள் அவள். அது இந்திரகுமாருக்கு ஞாபகம் வரவில்லை.

"உடுப்பு?"

"உடுப்பு முழுக்கக் கொண்டு வாறன். ஒண்டும் மிச்சம் விடமாட்டன்."

அது பொய்யில்லை. ஆனால் உடுப்புகள் அப்போது உடுப்புகளாக இல்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பாலேஸ்வரி அவற்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வெட்டியது நீலக் கோடு போட்ட ஒரு சட்டை. மகள் பேர்த்திலிருந்து தொலைபேசியில், "ஜஸ்ட் மூவ் ஒன், அம்மா," என்று சொன்ன நாள் அது. பேசி முடித்ததும் அலுமாரியைத் திறந்தாள். கைக்கு முதலில் வந்த சட்டையை மேசையில் விரித்து, ஒட்டுத்துணிகளால் குவில்ட் போர்வை தைப்பவர்கள் துணி வெட்டும் சக்கரக் கத்தியை அதன் மேல் உருட்டினாள். முதுகு நடுவால் பிளந்தது. அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாக நித்திரை வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. பிறகு வேலைக்குப் போட்ட சட்டைகள், கோவிலுக்குக் கட்டிய பட்டு வேட்டி, கலியாண வீடுகளுக்குப் போட்ட சூட். எல்லாவற்றையும் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி ஒட்டுப் போட்டாள்.

ஸ்பிரிங்வேலில் வாராவாரம் கூடும் குவில்ட் வகுப்புக்கு அதைக் கொண்டுபோனபோது, பக்கத்து மேசை வைதேகி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். வைதேகி திருச்சிக்காரி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கணவர் இறந்த பிறகு கிளேட்டனில் மகன் வீட்டுக்கு வந்தவள்.

"இது ஆம்பளைச் சட்டை மாதிரி இருக்கே?"

"ஓம்."

"யாரோடது?"

"அந்தாளின்ர."

வைதேகி துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "அப்போ பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்துடாதீங்க. பாக்கெட்டோட வச்சுத் தைங்க. அப்பதான் சட்டைன்னு நல்லாத் தெரியும்."

அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம். ஆகவே சிட்னிப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் வைதேகி, "நானும் வர்றேன்," என்றாள். "ஆனா மேனேஜரை விட்டுட்டு வர முடியாது."

மேனேஜர் என்பது அவளுடைய பூனை. எதையும் பார்த்து முகத்தைச் சுளிக்கும் சாம்பல் நிறப் பூனை. தன்னுடைய பழைய கிளை மேலாளரைப் போலவே இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்திருந்தாள்.

பாலேஸ்வரியோடு போனது புறூனோ. வயதான லாப்ரடோர் நாய். இந்திரகுமார் ஆசைப்பட்டு வாங்கியது, அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தது. அவர் போன பிறகும் பின்னேரமானால் முன் யன்னலில் போய் இருந்து தெருவைப் பார்க்கும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாலேஸ்வரிக்கு நாயின் மேலும் கோபம் வந்தது.

"நாயையும் அங்கயே விட்டிட்டு வரப்போறன்," என்றாள் வைதேகியிடம். "சஜிதாவுக்கு நாய் மயிர் கண்ணில காட்டக் கூடாதாம். அவளின்ர வெள்ளைச் சோபாவில இது ஏறிப் படுக்கட்டும்."

திங்கட்கிழமை காலை கிரெய்கிபர்னில் இருந்த பாலேஸ்வரியின் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சிட்னி போனால் போதும். குவில்ட்டின் மேல்பக்கம் தைத்து முடிந்திருந்தது. நடுவில் வைக்கப் பஞ்சுத் தட்டும், அடிப்பக்கத் துணியும் இனித்தான் வாங்கவேண்டும். வங்கரட்டாவில் அதற்கென்றே ஒரு பெரிய கடை இருப்பதாக வைதேகி இணையத்தில் கண்டுபிடித்திருந்தாள்.

கடை இருந்த இடத்தில் மின்-சிகரெட் விளம்பரம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் கைவைத்து இருவரும் உள்ளே பார்த்தார்கள். காலியான தட்டுகள், தரையில் ஒரு நூல்கட்டை. பக்கத்து வெதுப்பகப் பெண், கடைக்காரம்மா மூடிவிட்டுக் குயின்ஸ்லாந்துக்குப் போய்க் கன நாள் ஆகிவிட்டது என்றாள். அவளிடம் வாங்கிய, இறைச்சி அடைத்த பேஸ்ற்றியும் ஆறிப்போயிருந்தது. புறூனோ மட்டும் அதைக் குறை சொல்லாமல் தின்றது.

"பஞ்சுக்கு என்ன பண்றது?" என்றாள் வைதேகி.

பாலேஸ்வரி வானின் பின்பக்கக் கட்டிலைப் பார்த்தாள். இந்திரகுமார் வான் வாங்கிய கையோடு, 'எங்கட முதல் றிப்புக்கு' என்று சொல்லி வாங்கி வந்த இரட்டைப் போர்வை அதன் மேல் மடித்தபடி கிடந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை.

"அது கிடக்கு. அதை நடுவில வைப்பம்."

ஹோல்புறூக்கில் நின்றார்கள். அந்தக் கப்பலைப் பற்றி இந்திரகுமார் சொல்லும்போது அவர் குரலே மாறும். கடலே இல்லாத ஊரில் ஒரு நீர்மூழ்கி, பாலேஸ், கட்டாயம் பார்க்கவேணும் என்பார். பாலேஸ்வரி புல்தரையில் நின்று அதைப் பார்த்தாள். கறுப்பாக, நீளமாக இருந்தது. மேல்பாதிதான். கீழ்ப்பாதி இல்லாததால் புல்லுக்குள் அமிழ்ந்து போனதுபோல் இருந்தது. தட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் வைதேகி.

"அந்தாளும் இப்பிடித்தான். மேலால மட்டும்தான் எல்லாம்."

கப்பலுக்கு முன்னால் புறூனோவோடு நின்று ஒரு படம் எடுத்தாள். அதை இந்திரகுமாருக்கு அனுப்பினாள். கீழே, 'பாத்தாச்சு. உள்ளுக்க ஒண்டுமில்லை. நீங்கள் மினக்கெடத் தேவையில்லை' என்று எழுதினாள். அனுப்பிய பிறகு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அவர் இந்த ஊர்களை முப்பது வருடமாகத் தின்னாமல் பொத்தி வைத்திருந்த பண்டம்போல் வைத்திருந்தார். இப்போது ஒவ்வொன்றையும் தான் முதலில் கடித்துத் துப்பப்போகிறேன் என்று நினைத்தபோது, பயணத்திலேயே முதன்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த நாள் கண்டகாய். நாய்ச் சிலை பெருந்தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது சின்னதாகத் தெரிந்தது. எசமானின் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே காவல் இருக்கும் நாய். சுற்றுலா பஸ்ஸில் வந்த சனம் வரிசையாக நின்று படம் எடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனது. மேனேஜர் கூண்டுக்குள் இருந்தபடி சிலையையும் முகம் சுளித்துப் பார்த்தது.

அப்போது தொலைபேசி அடித்தது.

"நீ என்ன, ஊர் சுத்துறியோ?" என்றார் இந்திரகுமார். "நேர வருவாய் எண்டெல்லோ நினைச்சம். ஒவ்வொண்டாப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டு... நாங்கள் போய்ப் பாக்க ஒண்டு மிச்சம் இராது போல."

"மிச்சம் இராது."

"சரி விடு. ஞாயிறு மத்தியானம் எங்கட கல்லூரி பற்ச் ஆக்கள் சாப்பிட வருகினம். என்ர பிளேசர் வேணும். அலுமாரியில பிளாஸ்ரிக் உறைக்குள்ள தொங்கினது. எடுத்தனியோ?"

"எடுத்தனான்."

"கசக்கிப்போடாத. இன்னொண்டு, உந்தப் படத்தில புறூனோ நிக்குது. அதை ஏன் கொண்டு வாறாய்? சஜிதாவுக்கு நாய் ஒத்துக்கொள்ளாது. எங்கையாவது விட்டிட்டு வா."

"எங்க விடுறது?"

"எனக்கென்ன தெரியும்? நாய் பிடிக்கிற இடங்கள் இருக்குத்தானே. வயசு போன நாய்."

தொலைபேசியின் வழியே அவருடைய குரல் கேட்டதும் புறூனோ எழுந்து, வாலை ஆட்டியபடி பாலேஸ்வரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வைத்த பிறகும் நின்றது.

பிளேசர், உண்மையில், அதுவரை வெட்டப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கு விளையாடியபோது இந்திரகுமாருக்குக் கிடைத்தது. கருநீலக் கம்பளி, சட்டைப்பையில் கல்லூரியின் சின்னம். இடம்பெயர்ந்து ஓடியபோதும், கொழும்பில் அறையெடுத்துத் தங்கியபோதும், பிறகு இங்கே வந்தபோதும் அவர் அதைக் கைவிடவில்லை. அவருடைய மற்ற உடுப்பெல்லாம் பாலேஸ்வரி கடையில் தெரிந்து வாங்கி, தோய்த்து, அயன் பண்ணி அடுக்கியவை. பிளேசர் ஒன்றுதான் அவர் தானே பார்த்துக்கொண்டது. அதனால் கத்தியைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவள் கை பின்வாங்கியிருந்தது. அதை அப்படியே கொடுத்துவிடுவது என்றுதான் உறையோடு ஏற்றியிருந்தாள்.

இப்போது வானுக்குள் போய் அதை எடுத்து வந்தாள். சிலைக்குப் பக்கத்தில் சாப்பிடுவதற்குப் போட்டிருந்த பலகை மேசையில் விரித்தாள்.

"பாலேஸ்வரி," என்றாள் வைதேகி. இவ்வளவு நாளும் ஒவ்வொரு சட்டைக்கும் யோசனை சொன்னவள், முதன்முறையாகத் தயங்கினாள். "இது வேண்டாமே. மத்ததெல்லாம் போதும். இது அவரோட சின்ன வயசு. இதைக் குடுத்துடலாம்."

"இந்த நாய் சின்னக் குட்டியா வந்தது, வைதேகி. எங்கையாவது விட்டிட்டு வா எண்டு சொல்லுறார்."

"கோவத்துல செஞ்சா அப்புறம்..."

"கோவத்திலதான் செய்யிறன். நீங்கள் அந்தக் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ."

வைதேகி பெருமூச்சு விட்டாள். ஆனால் பிடித்தாள். பழைய கம்பளி தடிப்பாக இருந்தது. சக்கரக் கத்தி முதலில் வழுக்கியது. பாலேஸ்வரி எழுந்து நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் கையில் கொடுத்து அழுத்தினாள். தோள் வேறு, கை வேறு, முதுகு வேறாயிற்று. சின்னம் பதித்த பையை மட்டும் சுற்றிவரச் சதுரமாக வெட்டி எடுத்து வைத்தாள். படம் எடுக்க நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், "என்ன செய்கிறாய், அன்பே?" என்று கேட்டார். கணவனுக்கு ஒரு பரிசு என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அன்றைக்கு யாஸுக்குக் கிட்ட, வான்களை நிறுத்தித் தங்கும் ஒரு கரவன் பார்க்கில் தங்குவதாக ஏற்பாடு. செல்லப்பிராணிகளுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். போனால், நாய் என்றால் பரவாயில்லை, பூனைக்கு அனுமதி இல்லை என்றார் பொறுப்பாளர். மேனேஜர் கூண்டை விட்டு இறங்காது என்று வைதேகி வங்கி ஆங்கிலத்தில் எவ்வளவோ வாதாடினாள். பறவைகளைப் பிடித்துவிடும் என்றார் அவர். "இது சாதத்தைக்கூட எழுந்து போய்ச் சாப்பிடாது சார்!" என்று கடைசியில் தமிழிலேயே கத்திவிட்டு வைதேகி வானில் ஏறினாள்.

கண்காட்சி மைதானம் ஒன்றில் வான்களை நிறுத்த விடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அங்கே போனார்கள். செம்மறிகளுக்குக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகை ஒன்று திறந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கை நாற்றம். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனால் தரை அகலமாக, பலகை போட்டதாக இருந்தது. மேலே குவில்ட், நடுவே போர்வை, கீழே பிளேசர்த் துண்டுகளும் சூட்டில் மிஞ்சிய துண்டுகளும் சேர்த்த அடித்துணி என்று மூன்றையும் விரித்து ஊசி குத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது. புதனும் வியாழனும் அங்கேயே இருந்தார்கள். இருவரும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து குத்தினார்கள், பிறகு எதிரெதிரே இருந்து தைத்தார்கள். கல்லூரிச் சின்னம் அடிப்பக்கத்தின் நடுவில் வந்தது.

புறூனோ வந்து குவில்ட்டின் மேல் படுத்துக்கொண்டது.

"ஐயோ, முடி!" என்று வைதேகி விரட்டப் போனாள்.

"விடுங்கோ, படுக்கட்டும். அந்த முடியையும் சேத்துத் தைப்பம். சஜிதாவுக்கு."

வைதேகி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களைப் பார்த்தா எனக்கே கொஞ்சம் பயமா இருக்கு."

"எனக்கு நல்லா இருக்கு," என்றாள் பாலேஸ்வரி. அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. இத்தனை மாதம் வீட்டில் தனியாகக் கிடந்து அழுததைவிட, புழுக்கை நாற்றத்தில் இருந்து கறுவிக்கொண்டே தைப்பது உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

கோல்பேர்னில் மழை. செம்மறி சீமெந்தில் மாடி உயரத்துக்கு நின்றது. அவ்வளவுதான். நனைந்துகொண்டு சுற்றிப் பார்க்க வைதேகி மறுத்துவிட்டாள். பாலேஸ்வரி மட்டும் குடையோடு இறங்கி, பின்பக்கமாகப் போய் ஒரு படம் எடுத்து வந்து, 'முன்பக்கத்தைவிட இது வடிவு' என்று எழுதி அனுப்பினாள். வாகனத் தரிப்பிடத்திலேயே, கூரையில் மழை அடிக்க, குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றிப் பட்டி வைத்துத் தைத்து முடித்தார்கள். பட்டிக்கு, அவர் கோட்டோடு கட்டும் கழுத்துப்பட்டிகளைப் பயன்படுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டூங்காபியில் அந்த வீட்டின் முன்னால் வானை நிறுத்தியபோது, தெருவெல்லாம் கார்கள். வைதேகி வானில் இருந்தாள். புறூனோவையும் மேனேஜரையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். குவில்ட்டை மடித்து, ரிப்பன் கட்டி, பாலேஸ்வரி தூக்கிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தது சஜிதா. பாலேஸ்வரி மனதில் வைத்திருந்த சஜிதா இளமையாக, உதட்டுச் சாயத்தோடு இருந்தவள். இவளுக்குத் தன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து, "சஜி, இஞ்ச தண்ணி கொண்டு வா," என்ற குரல் வந்தது. கேட்டுப் பழகிய குரல். சஜிதா இருவருக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள்.

பாலேஸ்வரி இரங்கவில்லை. இனி நீ கொண்டுபோய்க் கொடு என்று மனதுக்குள் சொன்னாள்.

ஹோலில் நாலைந்து ஆண்கள், அவர்களுடைய மனைவிமார். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பலரை அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவள் சமைத்துப் போட்டுச் சாப்பிட்டவர்கள். இந்திரகுமார் கதிரையிலிருந்து பாதி எழுந்து, சாவிக்குக் கையை நீட்டினார்.

"வந்திட்டியோ? வான் திறப்பைத் தா. சாப்பிட்டிட்டுப் போவன்."

"சாப்பாடு வேண்டாம். இதைத் தர வந்தனான்."

ரிப்பனை அவிழ்த்து, குவில்ட்டை நடு ஹோலில் இருந்த சோபாவின் மேல் விரித்தாள். சோபா உண்மையாகவே வெள்ளைதான். நீலக் கோடுகளும், வெளிர் பச்சைகளும், வேட்டியின் பொன்கரையும் அதன் மேல் பரந்து விழுந்தன. பாலேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் ஓட்டி வந்தாள்.

"அட, என்ன வடிவு!" என்றாள் ஒரு மனைவி. "அக்கா, நீங்களே தைச்சனீங்கள்?" என்று இன்னொருத்தி கிட்ட வந்து தொட்டாள்.

இந்திரகுமார் குவில்ட்டை மேலோட்டமாகப் பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு," என்றார். அவருக்கு ஆறுதல் வந்தது முகத்தில் தெரிந்தது. சண்டை பிடிக்க வந்தவள் பரிசு கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "சரி, என்ர உடுப்புகள் எங்க? வானுக்குள்ளயோ?"

பாலேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்குத் தெரியவில்லை. தினமும் வேலைக்குப் போட்டுப்போன சட்டை, மகளின் பட்டமளிப்புக்குப் போட்ட சூட், தைப்பொங்கலுக்குக் கட்டிய வேட்டி. பையும் பொத்தானும் அப்படியே இருக்க, ஒன்றைக்கூட அவர் அடையாளம் காணவில்லை. அவள் எடுத்துக் கட்டிலில் வைத்ததைப் போட்டார், கழற்றி எறிந்ததை அவள் எடுத்தாள். அவர் அவற்றைப் பார்த்ததே இல்லை. நீர்மூழ்கியும் நாய்ச் சிலையும் செம்மறியும் தராத ஏமாற்றத்தை அந்தச் சோபாவின் முன்னால் அனுபவித்தாள். குளிர்காலம் முழுவதும் செய்த பழிவாங்கல், வாங்க வேண்டியவருக்குப் போய்ச் சேரவேயில்லை.

கிட்ட வந்த பெண், தையல் தெரிந்தவளாக இருக்கவேண்டும், "பின்பக்கத் தையலைப் பாப்பம்," என்று குவில்ட்டின் ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டினாள். கருநீலக் கம்பளி வந்தது. அதன் நடுவில் சின்னம் வந்தது.

முதலில் கண்டது அவர் இல்லை. பழைய அணித் தோழர் பிரஷாந்தன். "மச்சான், இது எங்கட..." என்று தொடங்கி நிறுத்தினார்.

இந்திரகுமார் எழுந்து வந்தார். சின்னத்தின் மேல் விரலை வைத்தார். அதைச் சுற்றியிருந்த தையலைத் தடவினார். பிளேசரின் மிச்சம் எங்கே என்று தேடுவதுபோல அவர் கை அங்கும் இங்கும் போனது. தோள் ஒரு மூலையில், கை இன்னொரு மூலையில்.

"இதையும் வெட்டினனியோ?"

"ஓம்."

"பாலேஸ்... இது நான் ஊரில இருந்து..."

"தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினனான்." பாலேஸ்வரி குவில்ட்டின் மேல்பக்கத்தைக் கையால் காட்டினாள். "மேல் பக்கம் முழுக்க உங்கட உடுப்புத்தான். கொண்டு வா எண்டு சொன்னீங்கள், ஒண்டும் விடாமல் கொண்டு வந்திருக்கிறன். நீங்கள்தான் அடையாளம் காணேல்லை."

இந்திரகுமாரின் வாய் கோணியது. பழைய தோழர்கள் எல்லாரும் பார்த்திருக்க, அறுபது தாண்டிய மனிதர் அந்தக் கம்பளித் துண்டைப் பிடித்துக்கொண்டு விம்மினார். பாலேஸ்வரிக்கு இனித்தது. இரக்கம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"விசரி!" என்று பிறகு கத்தினார். "வான் திறப்பைத் தந்திட்டு வெளியில போ!"

"வான் என்ர பேரில பதிஞ்சது. வேகமா ஓடினதுக்கு உங்கட லைசென்சில புள்ளி குறைச்சதால, இன்சூரன்சுக்கெண்டு நீங்களே பதிஞ்சனீங்கள்."

அவள் திரும்பி நடந்தாள். அவர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அந்தச் சத்தம் வானுக்குக் கேட்டிருக்கவேண்டும். வைதேகி பிடித்துக்கொள்ளும் முன் புறூனோ கதவை முட்டித் திறந்துகொண்டு குதித்தது. மூட்டுவலிக்கார நாய் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. நேரே போய் இந்திரகுமாரின் மேல் இரண்டு முன்கால்களையும் போட்டு, முகம் முழுக்க நக்கி, சின்னக் குட்டி மாதிரி முனகியது. பழக்கத்தில் அவர் கையும் அதன் தலைக்குப் போனது.

"ஐயோ, உள்ளுக்க விடாதேங்கோ!" என்று வாசலில் இருந்து சஜிதா கத்தினாள்.

இந்திரகுமார் கையை எடுத்தார். முழங்காலால் நாயைத் தள்ளினார். அது விளையாட்டென்று நினைத்து மறுபடி ஏறியது. இந்த முறை காலால் உந்தினார். புறூனோ பாதையோரம் சறுக்கி விழுந்து எழுந்து, அங்கேயே இருந்து அவரைப் பார்த்தது.

நாயை அவர்களிடம் விட்டுப் போவதென்று கிரெய்கிபர்னில் போட்ட திட்டம் அந்த இடத்தோடு முடிந்தது.

"புறூனோ, வா," என்றாள் பாலேஸ்வரி.

அது வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். காதை மட்டும் அசைத்தது. கண் அவரிலேயே இருந்தது. கடைசியில் வைதேகி இறங்கி வந்தாள். ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் பிடித்து, சேலைத் தலைப்பு அவிழ, விருந்தாளிகள் எல்லாரும் யன்னலால் பார்க்க, பாரமான நாயை அந்த இரண்டு பெண்களும் தூக்கி வானுக்குள் தள்ளினார்கள். கம்பீரமாகப் போகவேண்டும் என்று நினைத்த பாலேஸ்வரி மூச்சு வாங்க, சேலையெல்லாம் நாய்மயிரோடு சாரதி ஆசனத்தில் ஏறினாள்.

ஹோர்ன்ஸ்பி தாண்டும்வரை புறூனோ பின் கண்ணாடியைப் பார்த்து அழுதுகொண்டே வந்தது.

"இது அழுறதுக்கும் சேத்து வெட்டியிருக்கவேணும்," என்றாள் பாலேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் சின்னனா வெட்டியிருக்கவேணும்."

வைதேகி வீதிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெற்கே மெல்பேர்ன். இந்த ரோடு வடக்கே போகுதே?" என்றாள்.

"ஓம். அந்தாள் ஒருநாளும் பேர் சொல்லாத ஊராப் பாத்துப் போவம்."

அப்படி இரண்டு கிழமை திரிந்தார்கள். அந்த ஊர்களும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கடற்கரையில் மீன் பொரித்துத் தருபவர் நல்லவராக இருந்தார், அவ்வளவுதான். புறூனோ அங்கேதான் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியது.

ஒரு காலை கொஃப்ஸ் ஹாபரில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் சஜிதா." குரல் தயங்கியது. "அவர் உந்தக் குவில்ட்டைக் குப்பையில போட்டவர். பிறகு தானே எடுத்துக்கொண்டு வந்தவர். இப்ப போத்திக்கொண்டுதான் படுக்கிறார். கழுவவும் விடுறாரில்லை. எனக்கு அந்த நாய் மயிரால தும்மல். நாளைக்கு வெளியில போயிடுவார், அதுக்குள்ள தோய்ச்சிடுவம் எண்டு பாக்கிறன். மெஷினில போடலாமோ? உங்களுக்குத்தானே தெரியும்."

பாலேஸ்வரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கடல் நன்றாக வெளித்திருந்தது.

"ஓம், போடுங்கோ," என்றாள் அன்பாக. "நல்ல கொதி தண்ணியில போடுங்கோ. பிறகு துணி காய வைக்கிற றையரிலயும் போடுங்கோ. அப்பதான் மயிர் முழுக்கப் போகும்."

"தாங்ஸ் அக்கா."

வைதேகி வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடு தண்ணியா? அந்தக் கம்பளி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிடுமே! சாயம் வேற போயி... அந்தச் சின்னமெல்லாம் ஒண்ணுமே மிஞ்சாதே!"

"ஓம்," என்றாள் பாலேஸ்வரி. "சீனி போடவோ உங்களுக்கு?"